பச்சை ஒயர்

என் பிள்ளையைக் கொன்றவன் நீ. கிரைண்டர் இல்லை, ஈரத் தரை இல்லை, விதி இல்லை, அன்றைக்கு வந்து தொலைத்த செவ்வாய்க்கிழமை இல்லை. நீ. சிவப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயரின் வாயில் அந்தப் பச்சை ஒயரைக் கொடுத்து நறுக்கென்று ஒரு கடி கடித்தாயே, அந்தக் கடியில் செத்தாள் சிந்துஜா. உயிர் போனது பதினோரு மாசம் கழித்து என்றாலும் கடி அதுதான். இதை உன் மூஞ்சிக்கு நேராக நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல், புதுக் கிரைண்டருக்கு லைன் இழுக்கணும் வா தம்பி என்று குழைவாகக் கூப்பிட்டு, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, உள்ளறையில் அலுமினிய ஏணி மேல் உன்னை ஏற்றிவிட்டு, நான் இங்கே கடை முன்பக்கம் மெயின் பாக்ஸுக்குக் கீழே எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை மணி பதினொன்று. மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கிக் கிடக்கிறது. பீஸ் கட்டை என் மடியில். கட்டையைப் பிடுங்கினவன் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்கணும், அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, கட்டின பெண்டாட்டி கையிலும் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் தொழிலில் முதல் நாள் பாடமாம். நீதான் ஒரு நாள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பெருமையாகச் சொன்னாய். இன்றைக்கு உன் சட்டைப் பையில் செல்போன் இருந்தது, கால்சட்டைப் பை முழுக்க ஸ்குரு இருந்தது. "அக்கா மடியில இருந்தா எம்பையில இருக்கற மாதிரிதானுங்க்கா" என்று என் கையில் வைத்துவிட்டு ஏறிவிட்டாய். வெள்ளைப் பீங்கான் கட்டை. இரண்டு பக்கமும் பித்தளைப் பல். நடுவில், மெல்லிசான பீஸ் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில், நீயே முறுக்கி வைத்த தடித்த செம்புக் கம்பி. இந்தக் கட்டையை மாட்ட ஒரு மூச்சு. கைப்பிடியை மேலே தள்ள இன்னொரு மூச்சு. அவ்வளவுதான் நீ. ஒரு பிடிக் கடலை மாதிரி என் முந்தானையில் கிடக்கிறாய்.

இங்கிருந்து உள்ளறைக் கதவு வழியாகப் பார்த்தால் உனக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது. வெடித்த குதிகால் இரண்டும் ஏணியின் நாலாவது படியில். ரப்பர் செருப்பு வழுக்கும் என்று கீழே கழற்றிப் போட்டிருக்கிறாய், ஒன்று நிமிர்ந்து கிடக்கிறது, ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. ஏணிக்காலில் இருந்த ரப்பர்க் குப்பிகளில் ஒன்று எப்போதோ தேய்ந்து விழுந்துவிட்டது. தரையில் தண்ணீர். காலையில் நான்தான் இரண்டு குடம் ஊற்றினேன். கழுவுவதற்குத்தான் ஊற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஊற்றினேன், ஊற்றின பிறகு துடைப்பத்தைத் தொடவில்லை, மாவுக்கடை என்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். உளி சுவரில் டொக் டொக் என்று விழுகிறது. ஒவ்வொரு டொக்குக்கும் உன் குதிகால் லேசாகத் துள்ளுகிறது. கரண்ட் பாய்ந்தால் அது எப்படித் துள்ளும் என்று எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன், துள்ளாது, விறைக்கும், கட்டை விரல் மட்டும் தரையைத் தேடுகிற மாதிரி வளையும். "அக்கா, மெயின் ஆஃப்தானுங்களே?" உன் குரல். "ஆஃப்தான்டா. வேலையப் பாரு." "பாத்துங்க்கா. ரெண்டு புள்ளைங்களப் பெத்து வெச்சிருக்கறன்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை ஏணியோடு சேர்த்து இழுத்துப் போட்டு, வாயைப் பிளந்து, நீ உரித்து வைத்திருக்கிற ஒயரின் இரண்டு முனையையும் உன் இரண்டு கடைவாயிலும் சொருகினால் என்ன? ரெண்டு பிள்ளை. எனக்கு ஒன்று இருந்தது. ஒன்று இருந்தவளிடம் ரெண்டு இருக்கிறது என்று சொல்கிறாய், அதுவும் பீஸ் கட்டையை அவள் மடியில் போட்டுவிட்டு. இத்தனை நம்பிக்கை உனக்கு எங்கிருந்து வந்தது? சாவு வீட்டில் எல்லோரையும்விட நீதான் அதிகம் அழுதாய், அதனால் வந்ததா?

என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று இந்தத் தெருவே சொல்லும். பதினாலு வயசில் செங்கல் சூளையில் கல் சுமந்தவள். சிந்துஜாவுடைய அப்பன் ஓடிப்போன அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு அலுமினியச் சட்டியும் ஆறு மாசக் கைக்குழந்தையும். கல்லில் ஆட்டி, சட்டியில் மாவு சுமந்து, வாசல் வாசலாக விற்று, அதிலிருந்து எழுந்து வந்த கடை இது. உளுந்து மண்டிக்காரன் வேலாத்தா வருகிறாள் என்றால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றி வைத்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பான், இறங்குவதற்கு இடம் வேணுமே. மூடிப்போன மெஸ் ஒன்றில் அந்தப் பெரிய கிரைண்டரைக் கேட்ட போதும் அப்படித்தான், மூன்று முறை எழுந்து வாசல் வரைக்கும் போய் மூன்று முறையும் அவனே கூப்பிட வைத்து, பாதி விலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீதான் வண்டியிலிருந்து இறக்கினாய். நீதான் லைன் கொடுத்தாய். "அக்காகிட்ட வெல பேசறதுக்குப் பதிலா பாம்புகிட்டப் பேசலாமுங்க்கா" என்றாய், நான் சிரித்தேன், சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கு வரைக்கும் யாரும் என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அந்தக் கிரைண்டர் வந்த பத்தாவது நாள் ஆரம்பித்தது. பிரிட்ஜின் கதவைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக். மிக்ஸியைத் தொட்டால் சுருக். தண்ணீர் மோட்டாரின் மேல் துணி காயப் போட்டால் துணி வழியாகச் சுருக். நீ டெஸ்டரோடு வந்தாய். பிரிட்ஜின் மேல் வைத்தாய், உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு மினுக்கியது. கிரைண்டரின் மேல் வைத்தாய், பொட்டு கண்ணைத் திறந்துகொண்டு எரிந்தது. "லீக்கு கிரைண்டர்லதானுங்க்கா. பச்ச ஒயரு எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்திருக்குது பாருங்க, அது வழியா எல்லா பாடிக்கும் பரவுது." ஆக உனக்குத் தெரிந்திருந்தது. வியாதி எங்கே என்று தெரிந்திருந்தது, எந்த வழியாகப் பரவுகிறது என்றும் தெரிந்திருந்தது. அப்புறம் நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன், அது கிடக்கட்டும், அது இப்போது வேண்டாம். கடைசியில் கிரைண்டர் பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரை நறுக்கி, நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றினாய், பிறந்த குழந்தைக்குத் தொப்புளைக் கட்டுகிற மாதிரி அவ்வளவு பதவிசாக. மூடினாய். பிரிட்ஜைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. மிக்ஸி, ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா, நோவு போச்சு" என்றாய். "கிரைண்டர்கிட்ட மட்டும் ஒரு பலகையப் போட்டுக்கிட்டு, செருப்போட நில்லுங்க." நானும் நின்றேன். தினமும் நின்றேன். என் கால் பலகையில் இருந்தது, என் பிள்ளையின் கால் எங்கே இருக்கும் என்று நீ நினைத்துப் பார்த்தாயா, நாய்க்குப் பிறந்தவனே, கத்துகிறவன் வாயைத் துணியால் அடைத்துவிட்டு நோவு போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாயே.

உளி நின்றுவிட்டது. ஒயரை உரிக்கிறாய் போலிருக்கிறது. நீ ஒயரைத் தொட்டுப் பார்க்கும்போது புறங்கையால் தொடுவாய், நான் கவனித்திருக்கிறேன். உள்ளங்கையால் தொட்டால் விரல் தானாக மூடிக்கொண்டு ஒயரைப் பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கை என்றால் சதை சுருங்கும்போதே கை விலகிவிடும். இந்தச் சூட்சுமம் எல்லாம் உன் கைக்குத் தெரியும். அவள் கைக்கு யார் சொன்னார்கள்? அவள் பத்தாவது படித்தாள், அவள் நோட்டில் எல்லாம் இருந்தது, புறங்கை மட்டும் இல்லை. அந்த நோட்டை இந்த ஐந்து மாசமாகப் படிக்கிறேன். அஞ்சாவதோடு படிப்பை விட்டவள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. அவள் கையெழுத்தில் 'ல' பெரிசாகச் சுருண்டிருக்கும். பேட்டரி ஒன்று, பல்பு ஒன்று, சுவிட்சு ஒன்று வரைந்து, சுற்றிலும் கோடு போட்டு, பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாள்: போன கரண்ட் திரும்பி வர வழி இருந்தால்தான் போகவே போகும். அதைப் படித்த அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. எப்பேர்ப்பட்ட விஷயம் இது, திரும்பி வர வழி இல்லாத இடத்துக்கு அது போகவே போகாதாம், மனுசப் பிள்ளைதான் போகும். வோல்ட்டு தள்ளுகிறது, தடை மறிக்கிறது, தள்ளுவதை மறிப்பதால் வகுத்தால் எவ்வளவு ஓடும் என்று வரும். எனக்குக் கணக்கு வரும். தராசுத் தட்டில் நின்று கற்ற கணக்கு. காய்ந்த கைக்குத் தடை லட்சம் ஓமாம், மாவும் தண்ணீருமாக ஊறின கைக்கு ஆயிரத்துக்கு இறங்கிவிடுமாம். இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்தேன். புள்ளி இரண்டு மூன்று ஆம்பியர். அந்தப் பக்கத்துக்குக் கீழேயே அவள் ஒரு குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், அறுபது வாட் பல்பு, புள்ளி இரண்டு ஆறு. மறுபடி வகுத்தேன். மறுபடி. ஒரு பல்பு எரிய என்ன வேணுமோ அதற்கும் குறைச்சல். கோயில் முகப்பில் எரிகிறதே, கக்கூஸில் எரிகிறதே, அந்தப் பல்பை எரிக்கக்கூடப் பற்றாத கரண்ட்டில் என் பிள்ளை அணைந்தாள். இத்தனூண்டுக்கு எந்த பீஸும் போகாது. பச்சை ஒயர் இருந்து, அதன் மறுமுனை மண்ணுக்குள் போய், கட்டையில் உரிய மெல்லிசு ஒயரும் இருந்திருந்தால், லீக் ஆன அன்றைக்கே நாற்பது ஆம்பியர் அந்த வழியாகப் பாய்ந்து ஓடியிருக்கும், பீஸ் பொட்டென்று வெடித்து, கிரைண்டர் செத்திருக்கும். கிரைண்டர். அதுதான் செத்திருக்கும்.

அவள் உன்னிடமே கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? எர்த்துப் பாடம் நடத்தின வாரம். நீ சுவிட்சு மாற்ற வந்திருந்தாய். "மாமா, எங்க கிரைண்டர்ல பச்ச ஒயரு எங்க போவுது?" நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பரீட்சைல எழுதறதுக்குக் கண்ணு. கடைக்கு வேற படிப்பு." நான் கல்லாவில் இருந்து சிரித்தேன். "ஆமாண்டி, மாமனுக்கே பாடம் எடு" என்றேன். அவள் முகம் சிவந்துபோனது, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது நாள். அந்தச் சிரிப்புக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் ஒன்பது நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். நான் இங்கே, இதே இடத்தில், உளுந்து மண்டிக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய். அவன் இறங்க மாட்டேன் என்கிறான், நான் விட மாட்டேன் என்கிறேன், உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம். அப்போது "அம்" என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா இல்லை. அம். அதற்கு மேல் வரவில்லை. நான் திரும்பாமலே "இருடி, வர்றேன்" என்றேன். இருடி. எவ்வளவு நேரம் இருந்தாள்? மண்டிக்காரன் ஒரு ரூபாய் இறங்கினான், நான் இன்னொரு ரூபாய் என்றேன், அவன் தலையைச் சொறிந்தான், சரி என்றான், அவ்வளவு நேரம் இருந்தாள். நான் ஜெயித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். உள்ளங்கையால் கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள், நின்றுகொண்டேதான் இருந்தாள், மாவு சுற்றிக்கொண்டிருந்தது. அகப்பைக் கட்டையால் ஒயரை அடித்துப் பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் விழுந்தாள். கன்னிப் பிள்ளையை எரிக்கக் கூடாது என்று புதைத்தார்கள். வெட்டியான் கையிலிருந்து மண்வெட்டியை நீ பிடுங்கி, "எம்மருமகளுக்கு நாந்தான் தோண்டுவன்" என்று அழுதுகொண்டே தோண்டினாய். ஆறடி. மளமளவென்று ஆறடி. உப்பை வாரி வாரிப் போட்டாய். அன்றைக்கு மட்டும் உன் கைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தது.

"அக்கா, கட்ட உங்க கைலதானுங்களே?" "கைலதான்டா." பொய். இதைச் சொல்லும்போது கட்டை கையில் இல்லை. எப்போது எழுந்தேன், எப்போது மாட்டினேன் என்று தெரியவில்லை, பித்தளைப் பல் இரண்டும் உள்ளே போய்க் கடித்துக்கொண்ட சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. இனிக் கைப்பிடி மட்டும்தான் பாக்கி. மேலே தள்ளணும், அவ்வளவுதான், தவறிப்போய்த் தள்ளிவிட்டேன் என்று சொன்னால் எந்தப் போலீசும் நம்புவான், பிள்ளையைப் பறிகொடுத்தவள் புத்தி கலங்கித் தள்ளிவிட்டாள் என்று தெருவே எனக்காக அழும். தள்ளு. ஏன் தள்ளவில்லை? அந்த நோட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் கையைப் பிடிக்கிறது. மூன்று பல்பை இரண்டு விதமாக வரைந்திருக்கிறாள். பக்கம் பக்கமாகக் கட்டினால் கரண்ட் பிரிந்து போகும், ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பங்கு. ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டினால் பங்கு இல்லை, முதல் பல்பில் என்ன ஓடுகிறதோ அதேதான் கடைசிப் பல்பிலும், பொட்டுக் குறையாது. நான் பேரம் பேசுகிறவள். பழியைப் பங்கு போடத்தான் பார்த்தேன். உனக்கு முக்கால், கிரைண்டர் விற்றவனுக்கு ஒரு வீசம், அவளை வெறுங்காலோடு விட்ட நேரத்துக்கு ஒரு வீசம், எனக்கு ஏதோ கொசுறு. பங்கு சேரவே மாட்டேன் என்கிறது. ஏனென்றால் அன்றைக்கு நீ டெஸ்டரைப் பையில் சொருகிக்கொண்டு ஒன்று சொன்னாய். சொன்னாய். இப்போது வேண்டாம் என்று நான் தள்ளித் தள்ளி வைத்தாலும் அது நகர்ந்து நகர்ந்து இங்கேயே வந்து நிற்கிறது. "அக்கா, எர்த்துக் குழி இல்லீங்க உங்க கடைக்கு. பின்னால ஆறடிக்குத் தோண்டி, பைப்பு எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, பச்ச ஒயர அதுல கட்டோணும். அதுதான் வைத்தியம்." எவ்வளவு ஆகும் என்றேன். சொன்னாய். நான் சிரித்தேன். மண்ணைத் தோண்டி உப்பைக் கொட்டுவதற்கா இவ்வளவு? லைட்டு எரியுது, மாவு ஆடுது, மண்ணுக்குக் கரண்ட் கொடுக்க நான் என்ன பைத்தியமா? நீ பாதிக்கு இறங்கினாய். நான் எழுந்து போகிற மாதிரி நடித்தேன். நீ இன்னும் இறங்கினாய், நீ இறங்க இறங்க எனக்கு வெறி ஏறியது, ஒன்றுமே இல்லாத இடம் வரைக்கும் உன்னை இறக்கிவிட்டு, "சும்மா அந்த சுருக் நின்னாப் போதும்டா, நறுக்கிப்போடு" என்றேன். நான் சொன்னேன். வாங்கினதிலேயே மலிவான பேரம் அது. நீ ஏன்டா இறங்கினாய்? மற்ற எல்லாரையும் போல நீ ஏன் முறைத்துக்கொண்டு போகவில்லை, போடி இவளே, இது உளுந்து இல்லை, இதில் இறங்க முடியாது என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? என் வழியாக வந்ததுதான் உன் வழியாகப் போயிருக்கிறது. பொட்டுக் குறையாமல். இப்போது இந்தக் கைப்பிடியைத் தள்ளினால் மறுபடியும் என் வழியாகத்தான் போகும்.

"என்னுங் வேலாத்தாக்கா, கடை இருட்டா இருக்குது?" மூன்றாவது வீட்டு நாகமணி, தறிக்காரன் பெண்டாட்டி, தூக்குப்போசியோடு படியேறிவிட்டாள். இவள் எப்போது வந்தாள்? "மாவு இருக்குதுங்களா? ரெண்டு லிட்டர் வேணும்." நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாந்து பார்த்துவிட்டாள். "அட, மெயினு எறங்கிக் கெடக்குதுங்க்கா, இதுக்கா இருட்டுல உக்காந்திருக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே, உதவிதான், வேறென்ன, கையை நீட்டினாள். கைப்பிடியில் அவள் விரல் பட்டது. பட்டதை நான் பார்த்தேன். அதற்கு அப்புறம் நான் நினைக்கவில்லை, என் கை நினைத்தது. அவள் மணிக்கட்டில் அறைந்தேன், அறைந்த வேகத்தில் தூக்குப்போசி பறந்து போய் அரிசி மூட்டையில் மோதியது, அவள் தோளைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன், "தொட்டே, கைய வெட்டிப்போடுவன், ஆள் மேல நிக்கறான், ஆள் நிக்கறான்டி!" என் குரல்தானா இது? உள்ளே உன் கால் படியில் அப்படியே உறைந்து நின்றது. நான் கட்டையை வெடுக்கென்று பிடுங்கினேன். பிடுங்கின பிறகும் கை விடவில்லை, பீங்கான் உள்ளங்கையில் பதிந்துகொண்டது. உன்னை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றினேன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அம் என்ற அந்தச் சத்தம் இரண்டாவது முறை இந்தக் கடைக்குள் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நாகமணி அழ ஆரம்பித்தாள். "எனக்கென்னுங்க்கா தெரியும், எங்கூட்டு கிரைண்டர்லகூட சுருக்கு சுருக்குன்னுச்சு, இந்த அண்ணந்தான் வந்து ஏதோ பச்ச ஒயர நறுக்கிக் குடுத்தாரு, இப்ப பிரிட்ஜெல்லாம் நல்லாருக்குது, கரண்ட்டப் பத்தி எனக்கென்ன தெரியும்..." சொல்லிக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு நாலு வயசில் ஒரு பெண் இருக்கிறது. வெறுங்காலோடுதான் தெருவெல்லாம் ஓடும்.

இறங்கு. இதைச் சத்தமாகத்தான் சொன்னேன். நீ இறங்கி வந்தாய், செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாய், "என்னுங்க்கா, என்ன ஆச்சு?" என்றாய். மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பழைய கிரைண்டரின் பிளக்கை, நான் கத்தியால் பிளந்து வைத்திருக்கிற பிளக்கை, உன் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். கறுப்பு டேப் சுற்றின பச்சை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய். "அக்கா, அன்னைக்கு நீங்கதானுங்களே..." "ஆமாண்டா. நாந்தான். நாஞ் சொன்னன், நீ நறுக்குன." நீ அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாய், முகத்தை மூடிக்கொண்டாய். அழாதே. உன் அழுகை எனக்கு வேண்டாம், அன்றைக்கே நிறையப் பார்த்துவிட்டேன், இன்னொரு சொட்டு விழுந்தால் இந்தக் கட்டையாலேயே மண்டையைப் பிளப்பேன். இந்தக் கட்டைக்குள் இருக்கிற செம்புக் கம்பியை முதலில் பிடுங்கிப் போடு, அதற்கு உரிய மெல்லிசுக் கம்பியைக் கட்டு. அப்புறம் எழுந்து வா. இந்தத் தெருவில் எத்தனை பிளக்கில் நறுக்கினாய், எத்தனை வீட்டில் நோவு போச்சு என்று சொல்லிவிட்டு வந்தாய், ஒவ்வொரு வீடாகச் சொல்லு, நான் கூட வருகிறேன், நாகமணி வீட்டிலிருந்து ஆரம்பிப்போம், வேண்டாம் என்கிறவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், பேசத்தான் எனக்குத் தெரியுமே. குறைக்கச் சொல்லி எவளாவது கேட்டால் ஒரு சாண்கூட இறங்காதே, என் பேரைச் சொல்லு, என் பிள்ளை பேரைச் சொல்லு. ஆனால் முதல் குழி இங்கே. இந்தச் சுவருக்குப் பின்னால், அவள் நின்ற இடத்துக்கு நேரே. மண்வெட்டி கதவு மறைவில் சாத்தியிருக்கிறது. ஆறடி உனக்குப் பழக்கம்தான். மாவுக்குப் போடுகிற கல்லுப்பு மூட்டையாக இருக்கிறது, நானே சுமந்து வந்து கொட்டுகிறேன். நறுக்கின ஒயரை நீட்டி, அதன் நுனியை மண்ணுக்குள் கொண்டுபோய், உன் கையாலேயே கட்டு. எழுந்திரு. தோண்டு.